மகளோடு விளையாட ஒரு கேம் தேடிப் போன கதை

முதல் இருபது நிமிடத்துக்குள் அந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கத்தாரில் என்னோடு ஒரே அறையில் கிடந்த பொடியன்கள் சொன்னதெல்லாம், "அண்ணே, தி லாஸ்ட் ஆஃப் அஸ் எண்டு அப்பாவும் மகளும் வாற கேம், நீங்க அழுதிருவீங்க" என்பது மட்டும்தான். அழுவது எனக்குப் பழக்கம், எல்லாரும் தூங்கின பிறகு அழாத ஆள் அந்த அறையில் யார் இருந்தான். ஆனால் பக்கத்தில் என் 14 வயது மகள் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், சற்று முன்வரை அவள் நடத்திக்கொண்டு போன பிள்ளை சுடப்பட்டுச் சாகிறது என்றால், அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். கதைகளின் முடிவுகளையும் மறைக்காமல்தான் எழுதப்போகிறேன், முடிவு தெரிந்தால் ருசி போய்விடும் என்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் 2014இல் போனவன், மின்வேலை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவு. 2022 டிசம்பரில் உலகக்கிண்ணம் முடிய எங்கள் ஆட்களுக்கு வேலையும் முடிந்தது, வருடக் கடைசியில் வந்து இறங்கினேன். மட்டக்களப்பில் பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் வீடு கட்டத் தொடங்க வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வீடு மகளுக்கு, மருமகன்தான் வந்து அங்கே இருப்பான். வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் என்ன தலைகீழாக இருக்கிறதே என்பார்கள். நானும் கல்லடியில் லீவுக்கு லீவு கட்டினேன். ஒரு லீவுக்கு அத்திவாரம், அடுத்ததுக்குச் சுவர், அதற்கடுத்து ஓடு, கடைசியாக முதிரை மரக் கதவுகள். எல்லாம் முடிந்து நானே வந்து இருந்து பார்த்தால், உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் எனக்கும் கதைக்க ஒன்றுமில்லை. "சாப்பிட்டியா மகள்?" "ஓம்." "ஸ்கூல் எப்படி?" "பரவாயில்ல." போனில் கதைத்த காலத்திலும் இவ்வளவுதான் கதைத்தோம், ஆனால் போன் என்றால் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடலாம். ஒரே ஹோலில் உட்கார்ந்துகொண்டு அப்படி வைக்க ஏலாது.

மகள் போனில் கேம் விளையாடுகிறவள், யூடியூபில் வேறு ஆட்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே பிட்டு சாப்பிடுகிறவள். சரி, அவளுடைய இடத்துக்கு நாம் போவோம் என்று நினைத்தேன். பொடியன்களின் பிளேஸ்டேஷனில் கால்பந்தும் கிரிக்கெட்டும் விளையாடியிருந்தேன், அந்தத் துணிவு. புது பிளேஸ்டேஷன் விலையை விசாரித்தால், டொலர் ஏறிய ஏற்றத்தில் அது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு நின்றது. அதனால் செகண்ட் ஹேண்ட் கொம்பியூட்டர், 85,000 ரூபாய், படிப்புக்கும் உதவும் என்று மனைவியிடம் ஒரு நியாயமும் சொல்லலாம். விற்றவர் "உள்ளுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட் இருக்கு, எல்லா கேமும் ஓடும்" என்றார். வயரைப் பார்த்தால் செம்பா அலுமினியமா என்று சொல்லிவிடுவேன், கார்டைப் பார்த்து எனக்கு என்ன தெரியும். மூன்று வாரம் கழித்து, கம்பஸில் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி வந்து ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருளை ஓட்டினான். கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டியது. ஏதோ பழைய சிப்புக்குப் புதுக் கார்டின் பெயரை ஏற்றி விற்பது உலகம் முழுக்க நடக்கிற வேலையாம். திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று பதில். வேறு இடத்தில் உண்மையான கார்ட் வாங்கவும், 8 ஜிபி ரேமை 16 ஆக்கவும் இன்னொரு 38,000. 2023 தொடக்கத்தில் தினமும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும், அதற்கு ஒரு யுபிஎஸ் 14,000, அது வாங்கி வைத்த கையோடு மின்வெட்டு நின்று பில் ஏறியது.

ஆகவே பழைய கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முன் கடையில் வைத்தே அந்த மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், பென்டிரைவில் கொண்டுபோகலாம், ஒரு நிமிட வேலை. ஓடவிடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். அப்புறம் வாங்கப்போகிற கேம் எதுவென்று முதலில் முடிவெடுத்து, அது கேட்கிற குறைந்தபட்ச அளவைப் பார்த்து, அதற்குப் பிறகு மெஷினைத் தேடுங்கள். நான் வீட்டைக் கட்டிவிட்டு நிலத்தைத் தேடின மாதிரிச் செய்தேன். இதற்கிடையில் முகநூலில் "குறைந்த விலைக்கு ஒரிஜினல் கேம்" என்ற ஒருவருக்கு 3,500 அனுப்பி, அவர் தந்தது பலபேருக்கு விற்ற ஒரே கணக்கு என்பது பாஸ்வேர்ட் மாறின இரண்டாம் கிழமைதான் விளங்கியது. கேட்டேன். முதலில் சிரிக்கிற பொம்மை அனுப்பினார், மறுகா என்னை பிளாக் பண்ணிவிட்டார்.

சரி, கேமுக்கு வருகிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, அதைப் புதுப்பித்த முதலாம் பாகம் 2023 மார்ச் 28இல்தான் கொம்பியூட்டருக்கு வந்தது. கிட்டத்தட்ட 60 டொலர், அன்றைய கணக்கில் 20,000 ரூபாய். 100 ஜிபி இடம் கேட்கிறது, நள்ளிரவுக்குப் பிறகு வருகிற இரவு டேட்டாவில் நான்கு இரவு இறக்கினேன். சித்திரை வருடப்பிறப்பு லீவு, கொண்டாட்டமெல்லாம் முடிந்து வீட்டில் கொக்கிஸ் பலகாரம் கிடக்கிறது. மகளை வந்து இரு என்றேன், வந்தாள், அதுவே பெரிய காரியம். தொடக்கத்தில் கட்டட வேலை செய்கிற ஒரு அப்பன், ஜோயல், இரவு பிந்தி வீட்டுக்கு வருகிறான். சாரா என்கிற 12 வயது மகள் தூங்காமல் இருந்து அவனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கைக்கடிகாரம் கொடுக்கிறாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், லேசாய்ச் சிரிப்பு. நல்ல கேம்தான் வாங்கியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

அடுத்த காட்சியில் நடு இரவு, சாரா முழிக்கிறாள், வீட்டில் அப்பா இல்லை. இப்போது சாராவை நாம்தான் நடத்த வேண்டும். கீபோர்டை மகளிடம் கொடுத்தேன். அவள் ஓடவில்லை, மெதுவாக அறை அறையாகப் போனாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். அப்பாவின் அறையைத் திறந்தாள், கட்டில் வெறுமை, டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாரா "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்குகிறாள். மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நாங்களும் இப்பிடித்தான். கரண்ட் போனா அம்மம்மா டோர்ச்சைத் தேடுவா, நான் உங்கட அறைக்குள்ள போய் இருப்பன்." அது அப்போது சுவர் பூசாத அறை. அதில் சீமெந்துப் பையைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் கொக்கிஸை எடுத்து வாயில் போட்டேன். பிறகு ஊரெல்லாம் நோய் பரவி, கார் கவிழ்ந்து, கால் முறிந்த மகளை ஜோயல் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், இப்போது ஓட்டம் என் கையில். ஓடி ஓடி ஆற்றோரம் வந்தால் ஒரு ராணுவக்காரன் மறித்து, மேலிடத்து உத்தரவு கேட்டு, சுடுகிறான். சாரா அப்பன் கையில் துடித்துத் துடித்துச் சாகிறாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு ஏலாது. ராணுவக்காரன், மறிப்பு, துவக்கு, இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சி கேமாகப் போகாது என்பது வேறு கதை. மகள் எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையைக் குசினியில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் போட்ட முதிரைக் கதவு, நல்ல கனம், அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று ஒரு சத்தமும் வராது. மனைவி வந்து "புள்ளைக்கு என்னத்தக் காட்டினீங்க?" என்றாள்.

அன்றிரவே காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டுப் போட்டேன். நான் வாங்கிய இணையக் கடையின் விதி, வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக இருந்தால் திருப்பித் தரலாம் என்பது. விளையாடியது அரை மணிநேரம்தானே. ஆனால் இந்த கேம் முதல்முறை திறந்ததும், படம் காட்டத் தேவையான ஷேடர் தயாரிக்கிறேன் என்று ஒரு சதவீதக் கணக்கை ஓட்டும், என் மெஷினில் அது அசைந்து முடிய இரண்டு மணிநேரம் போனது, நான் திறந்து வைத்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டேன். அதெல்லாம் விளையாடிய நேரம் என்று கணக்கில் ஏறிவிட்டது. விதி விதிதான், கவனிக்காதது என் பிழை. பெரிய கேம் வாங்கினால் திறந்து வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள், மணிக்கணக்கு ஓடுகிறது. அதைவிட முக்கியம், அட்டையில் வயதைக் காட்டுகிற ஒரு எண் இருக்கும், ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்று. இதில் 18 என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு அது அங்கத்தைய வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். இவ்வளவு முட்டாள்தனத்தை எழுதாமலும் விட்டிருக்கலாம், ஆனால் நம் ஆட்கள் பலபேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளையோடு உட்கார முதல், ஒருவர் பேசாமல் விளையாடிப் பதிந்த காணொளியை யூடியூபில் தேடி முதல் ஒரு மணிநேரத்தையும் கடைசி ஒரு மணிநேரத்தையும் தனியே பாருங்கள். ருசி போனால் போகட்டும்.

காசு வராததால் மிச்சத்தை நான் தனியே, இரவு எல்லாரும் படுத்த பிறகு விளையாடி முடித்தேன். இருபது வருடம் கழித்து ஜோயல் முரட்டுக் கிழவனாகிவிட்டான், அந்தக் கடிகாரம் உடைந்தபடி கையிலேயே இருக்கிறது. எல்லி என்கிற 14 வயதுப் பிள்ளையை நாட்டுக்குக் குறுக்கே கூட்டிக்கொண்டு போகிற வேலை அவனுக்கு. நோய் அவளைப் பிடிக்காது, அவளிடமிருந்து மருந்து எடுக்கலாம் என்பது கதை. முதலில் சாமான் மாதிரிக் கொண்டுபோகிறான், போகப் போக மகளாகிவிடுகிறாள். ஒரு இடத்தில் பாழடைந்த நகரத்துக்குள் ஒட்டகச்சிவிங்கிகள் இலை தின்றுகொண்டு நிற்கும், அவள் தடவிக்கொடுப்பாள், அங்கே சண்டை இல்லை, அவசரம் இல்லை, எவ்வளவு நேரமும் நிற்கலாம். நான் நின்றேன், விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. முடிவில், மருந்து எடுக்க அவள் மூளையைத் திறக்க வேண்டும், அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் ஜோயல் ஆஸ்பத்திரியிலுள்ள ஆட்களைச் சுட்டுத் தள்ளி அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் முழித்துக் கேட்டால், உன்னைப் போல் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், மருந்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொய். நீ சொன்னது உண்மை என்று சத்தியம் பண்ணு என்கிறாள். பண்ணுகிறான். அவள் அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு "சரி" என்கிறாள். அவ்வளவுதான், கேம் முடிந்தது.

அந்தச் 'சரி' எனக்குத் தெரிந்த சரி. "அடுத்த வருசம் வந்திருவன் மகள்" என்று நான் 2016இலும் சொன்னேன், 2018இலும் சொன்னேன், 2020இல் கொரோனாவைச் சாட்டிச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து "சரி அப்பா" என்று வரும். நம்பினாள் என்று நினைத்திருந்தேன். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒன்று மட்டும்: ஜோயல் தொடக்கத்திலேயே எல்லியின் கண் முன்னால் அடித்துக் கொல்லப்படுகிறான், கொல்கிறவளும் ஒரு மகள்தான், அவன் ஆஸ்பத்திரியில் சுட்ட வைத்தியரின் மகள். தகப்பனை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு அதைத் தெரியாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்குப் பிறகு, எல்லா அப்பா-மகள் கேமும் இப்படித்தானா என்று தேடத் தொடங்கினேன், அதில் இரண்டு மாதம். பயோஷாக் (2007) ஒன்று, கடலுக்கடியில் ஒரு பாழ் நகரம், சுழியோடி உடுப்புப் போட்ட ராட்சதர்கள் சின்னப் பெண்பிள்ளைகளுக்குக் காவல் போகிறார்கள், அவர்களுக்குப் பெயரே பெரிய அப்பா, சிலருக்கு ஒரு கை இருக்கிற இடத்தில் துளைக்கிற இயந்திரம். டிஸ்ஆனர்டு (2012) என்றொன்று, அதில் நீங்கள் எவ்வளவு ஆட்களைக் கொன்று தள்ளுகிறீர்களோ அவ்வளவுக்கு எமிலி என்கிற பிள்ளை கீறுகிற படங்கள் பயங்கரமாக மாறும். அது எனக்குப் பிடித்தது, பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டுகிறார்கள். 2010இல் வந்த நியர் வேடிக்கையானது, நோயாளிப் பிள்ளையைக் காப்பாற்றப் போகிற அதே கதை ஜப்பானின் பிளேஸ்டேஷனுக்கு அண்ணன்-தங்கையாகவும் வெளிநாடுகளுக்கு அப்பா-மகளாகவும் வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று எரிச்சலாக வந்தது. எல்லா அப்பாவிடமும் துவக்கு, இல்லை வாள். உலகமே அழிந்தால்தான் இவர்களுக்கு மகளோடு இருக்க நேரம் கிடைக்கிறது. உலகம் அழியாமல், ஓ.எல் என்கிற சாதாரண தரச் சோதனையும் டியூஷனும் நடந்துகொண்டிருக்கிற ஊரில் ஒரு அப்பன் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாதுபோல.

ஓரளவு தெரிந்தது 2012இல் வந்த த வாக்கிங் டெட் கேமுக்குத்தான். பழையது, சுமாரான மெஷினிலும் ஓடும், தள்ளுபடி நேரத்தில் விலையும் சொற்பம். இதுவும் பிணங்கள் எழும்பி நடக்கிற கதைதான், இதற்கும் வயதுக் கட்டுப்பாடு 18தான், ஆனால் இந்த முறை நான் முன்னமே முழுதும் முடித்து, எங்கே என்ன வரும் என்று தாயிடமும் மகளிடமும் சொல்லி, பார்ப்பதா வேண்டாமா என்று அவளிடமே விட்டேன். பார்க்கலாம் என்றாள். லீ என்கிறவன் கொலைக்குற்றத்துக்குச் சிறைக்குக் கொண்டுபோகப்படும் வழியில் தப்புகிறான், அதற்கு முன் வரலாறு படிப்பித்தவன். கிளெமன்டைன் என்கிற எட்டு வயதுப் பிள்ளை தாய் தகப்பன் தூர ஊருக்குப் போயிருக்க மரத்து மேல் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். வீட்டுப் போனில் தாயின் குரல் பதிவாகிக் கிடக்கிறது. இதில் ஓடிச் சுடுவதைவிடப் பதில் சொல்வதுதான் வேலை, நாலு பதில் வரும், சில வினாடிக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். என் இங்கிலீஷுக்கு அந்த வேகம் போதாது. நான் வாசித்து முடிக்கும்போது நேரம் போயிருக்கும். பேசாமல் இருந்ததும் ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு கேம் போய்க்கொண்டே இருக்கும். மகள் கொடுப்புக்குள் சிரித்தாள். பிறகு அவளே பக்கத்தில் இருந்து கெதியாய் மொழிபெயர்க்கத் தொடங்கினாள், "இது உண்மையச் சொல்றது, இது சமாளிக்கிறது, இது கத்துறது, எதப்பா?" என்று. எட்டு வருடத்தில் அவள் என்னோடு தொடர்ந்து இவ்வளவு கதைத்தது அந்த வாரம்தான். உங்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம், அதுதான் கிடைத்த பெரிய உதவி. நான் எதையாவது சொன்னால் திரையின் மூலையில் "கிளெமன்டைன் இதை ஞாபகம் வைத்திருப்பாள்" என்று எழுத்து வரும். அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, காசு கேட்டு நான் பிறகு பார்ப்போம் என்றால், குசினியிலிருந்து மனைவி "மகள் இத ஞாபகம் வெச்சிருப்பா" என்பாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் ரயிலில் வைத்து லீ அவள் தலைமயிரை வெட்டிவிடுவான், பிணங்கள் பிடித்து இழுக்காமல் இருக்க. மனைவி தாயைப் பார்க்க ஆஸ்பத்திரியில் நின்ற ஒரு காலையில் நான் மகளுக்குத் தலை பின்னினேன், பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல், ரிப்பன். வயர் முறுக்கின கை, இறுக்கிப் பின்னிவிட்டேன், பிள்ளையின் புருவம் மேலே போய்விட்டது. அவிழ்த்து இரண்டாம் தரம் பின்னினது ஒன்று உயரம் ஒன்று பணிவு. அப்படியே போனாள், வாசலில் நின்று "லீ நல்லா வெட்டினார்" என்றாள். முடிவில் லீயைப் பிணம் கடித்துவிடும், அவனைச் சுடுவதா அப்படியே விட்டுப் போவதா என்று அந்தச் சின்னப் பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதை நான் முன்னமே சொல்லியிருந்தும் அவள் அழுதாள், ஆனால் இந்த முறை அறைக்குள் போகவில்லை, ஹோலிலேயே இருந்து அழுதாள்.

அப்புறம் த விட்சர் 3. இது 2015இல் வந்தது, பேய் பிசாசு வேட்டையாடுகிற கெரால்ட், அவன் வளர்த்த சிரி. தொடங்கியதுமே கெரால்ட் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பெண் உடுப்பில்லாமல் நிற்பாள். இந்த இடத்தில் என் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள், இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை. தனியே விளையாடுங்கள், அவ்வளவுதான். சிரிக்குப் பெற்ற தகப்பன் வேறு, அவன் ஒரு சக்கரவர்த்தி, கெரால்ட் வளர்த்தவன். இடையில் குடியிலேயே கிடக்கிற ஒரு பிரபு வருவான், மனைவியை அடித்து, மகளும் வீட்டை விட்டு ஓடிவிட்டாள், எனக்கு அவரைப் போல நாலுபேரைக் கல்லடியிலேயே தெரியும். நான் 70 மணிநேரத்துக்கு மேல் விளையாடினேன், ஜூனும் ஜூலையும் அதற்கே போனது. இந்த கேமில் சிரி பிழைக்கிறாளா இல்லையா என்பது கடைசிச் சண்டையில் இல்லை. இடையில் வருகிற ஐந்து சின்ன இடங்களில் நீங்கள் அவளிடம் எப்படி நடந்தீர்கள் என்பதில். அதை கேம் சொல்லாது, முக்கியமான இடம் என்று ஒரு அடையாளமும் காட்டாது. மனம் உடைந்து இருக்கிறாள், எல்லாத்திலும் கெட்டிக்காரியாய் இருக்கத் தேவையில்லை என்று ஆறுதல் சொல்லிக் குடிக்கக் கொடுத்தேன்; பனியை உருட்டி அவளோடு எறிந்து விளையாடியிருக்க வேண்டுமாம். சூனியக்காரிகளின் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், நானும் வாறேன் என்று போனேன். தனியே போகவிட்டிருக்க வேண்டும். கோபத்தில் சாமான்களை உடைக்கப் பார்த்தாள், அமைதியாய் இரு என்றேன்; உடை என்று சொல்லியிருக்க வேண்டும். சக்கரவர்த்தியிடம் கூட்டிப்போனேன், அவன் காசு தந்தான், வாங்கினேன். கல்ஃபுக்குப் போனவனுக்குக் காசை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? அவளுக்கு உதவிய ஒருவனின் புதைகுழிக்குக் கூடப் போனது ஒன்றுதான் சரி.

முடிவில் சிரி திரும்பி வரவில்லை. கெரால்ட் ஒரு சதுப்புக் காட்டுக் குடிசையில் ஒரு பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியே பிசாசுகள் சூழ்ந்து வருகின்றன. இரவு ஒன்றரை மணி. இவ்வளவு மணிநேரமும் அவளைக் காப்பாற்றத்தானே பாடுபட்டேன், எங்கே பிழை விட்டேன் என்று விளங்காமல் காலையில் மகளிடமே கேட்டேன். அவள் போனில் தேடி வாசித்துவிட்டு ஒவ்வொன்றாய் என்னிடம் கேட்டு விரல் மடக்கினாள். "அஞ்சுல நாலு பிழை அப்பா. ஓ.எல்ல இது சும்மா பாஸாகிற எஸ் கூட இல்ல, டபிள்யூ, பெயில்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் போனீங்க பாருங்க, அதுதான் நீங்க" என்றாள். நான் அவளை டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய், முடியும் வரைக்கும் தாய்மாரின் கூட்டத்துக்குள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஆள். அவளுக்கோ கூட்டாளிகளோடு சைக்கிளில் பழைய கல்லடிப் பாலத்தால் போக வேண்டும், ஆறு மாதமாகக் கேட்டிருக்கிறாள், வாகனம் கூட, இருட்டிவிடும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்தக் கிழமை போகவிட்டேன். முழு உண்மையையும் சொல்கிறேன், விட்டுவிட்டுப் புதுப் பாலத்தால் மெதுவாகப் பின்தொடர்ந்தேன். இரண்டு பாலமும் பக்கத்தில் பக்கத்தில், வாவிக்கு மேலால் நாலு பிள்ளைகள் கதைத்துச் சிரித்து மிதிப்பது நன்றாகத் தெரிந்தது. இரவு சாப்பிடும்போது, "உங்கட பைக் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள்.

மற்றக் கேம்களின் விலையைத் தனியே விட்டாலும், மெஷின், கார்ட், யுபிஎஸ், திருப்பி வராத 20,000, முகநூல்காரன் கொண்டுபோனது எல்லாமாக 1,60,500 ரூபாய். ஏழு மாதம். தொடக்கத்திலேயே மகளிடம் உனக்கு என்ன விளையாட விருப்பம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும், அது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டது ஆகஸ்டில். உடனே சொன்னாள், ஏதோ அதுவரை கேட்பேனா என்று காத்திருந்த மாதிரி: இட் டேக்ஸ் டூ. 2021இல் வந்தது, அந்த வருடத்துச் சிறந்த கேம் விருதும் அதற்குத்தான். ஒரு பிரதி வாங்கினால் போதும், ஆனால் இரண்டு பேர் இல்லாமல் ஓடாது, நாங்கள் ஒரு கன்ட்ரோலரும் ஒரு கீபோர்டுமாக விளையாடுகிறோம். விவாகரத்துக்குத் தயாராகிற தாயும் தகப்பனும் மகளின் கண்ணீர் பட்டுப் பொம்மைகளாகிவிடுகிறார்கள், மறுபடி மனிதராக வேண்டும். யாருக்கு யார் என்று தெரிவு செய்யும்போது மகள் கன்ட்ரோலரைப் பறித்து "நான் அப்பா" என்றாள். நான் தாய், மரப்பொம்மை, கையில் சுத்தியல். அப்பா களிமண். என்னைவிட நன்றாகத் தாவினாள், நான் விழுந்து விழுந்து எழும்ப, "அம்மா கெதியா வாங்க" என்று கத்தினாள், உள்ளே மனைவி தன்னைக் கூப்பிடுகிறாள் என்று ஓடிவந்தாள்.

சிரிப்புக் கேம்தான், ஆனால் ஒரு இடம் சொல்லவேண்டும், சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க. மகள் மறுபடி அழுதால் மந்திரம் உடையும் என்று நினைத்து, அவளுக்கு மிகவும் பிடித்த யானைப் பொம்மையை உடைக்க இரண்டு பெற்றோரும் முடிவெடுக்கிறார்கள். யானை கெஞ்சும், காது பிய்யும், நாமேதான் பொத்தானை அமத்தி அமத்தி இழுக்க வேண்டும், தாண்டிப்போக வழியில்லை. மகள் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு கன்ட்ரோலரை நிலத்தில் வைத்தாள். நானும் கையை எடுத்தேன். யானை கெஞ்சிக்கொண்டு நிற்க, மின்விசிறி சுற்ற, இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். "நீங்க போனண்டைக்கு நான் அழுதனானா?" என்று கேட்டாள். அழுதாய், காலைக் கட்டிப்பிடித்தாய் என்று ஆட்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், அறைப் பொடியன்களிடமும் சொல்லியிருக்கிறேன். "இல்ல மகள். விடிய மூண்டு மணிக்கு வேன் வந்தது. எழுப்பினா அழுவாய் எண்டு எழுப்பாமப் போனன்" என்றேன்.

"நான் முழிச்சித்தான் இருந்தன்" என்றாள்.

யானை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்து தொடருவோம் என்றாள், அது மூன்று சனிக்கிழமைக்கு முந்தி.